அஞ்சு தீபம், ஒரு மாத்திரை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு உள்ளே பிரியும் மண் சாலையில் அவருடைய நிலம் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர். கிணற்றில் தண்ணீர் நின்றால் மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை, ஒரு மூலையில் கேழ்வரகு, வரப்போரம் தீவனப்புல். கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள். அவருக்கு வயது 54.

பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். "தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும்னு பேசுவாங்க" என்கிறார். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இடது மார்பில் கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். பிறகு கீமோ, அதன் பிறகு கரண்ட். ஒன்பது மாதம் வெளியூர் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக பஸ்ஸில் அலைந்தார்கள். கடைசி நாள் திரும்பி வந்ததும் வீட்டில் பொங்கல் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால், கடைசியாகக் கொடுத்த சீட்டில் ஒரு மாத்திரை எழுதியிருந்தது. லெட்ரோசோல், 2.5 மில்லிகிராம். தினமும் ஒன்று, ஐந்து வருடத்துக்கு. ஆரம்பித்தது கார்த்திகை மாதம் என்பதால் கணக்கு வைப்பது சுலபமாகிவிட்டது. மலை மேல் அஞ்சு தீபம் ஏறுகிற வரைக்கும் மாத்திரை. இதுவரை மூன்று தீபம் முடிந்திருக்கிறது.

"கீமோவுல முடி கொட்டுச்சு, வாந்தி வந்துச்சு. ஊரே வந்து பாத்துச்சு. இந்த மாத்திரை பண்றது யாருக்கும் தெரியாது. நல்லாத்தான இருக்கேன்னு கேப்பாங்க" என்கிறார். இப்படி வெளியே தெரியாத கஷ்டத்தோடு கழனி வேலை பார்க்கிற பெண்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது.

கட்டியை எடுத்தாச்சு, மாத்திரை எதுக்கு?

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியபோது 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று அறிக்கை வந்தது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அந்தப் புற்றுச் செல்களில் இருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். ஹார்மோன்தான் அவற்றுக்குத் தீனி. மார்பகப் புற்றுநோய்களில் பாதிக்கும் மேல் இந்த வகைதான்.

டாக்டர் விளக்கியதை அவர் தன் கழனிக் கணக்கில் புரிந்துவைத்திருக்கிறார். "கோரையை மேலாக்க பிடுங்கிட்டா கொல்லை சுத்தமாத்தான் தெரியும். கிழங்கு அடியில கெடக்கும். தண்ணி பட்டா மறுபடியும் மொளைக்கும். அறுவை பண்ணது பிடுங்குன மாதிரி. இந்த மாத்திரை, கிழங்குக்குத் தண்ணி போகாம மடையை அடைக்கிற மாதிரி."

மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதில்லை. ஆனாலும் உடம்பின் கொழுப்பிலும் தசையிலும் அரோமடேஸ் என்ற நொதி கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அந்த நொதியை முடக்குவதுதான் லெட்ரோசோலின் வேலை. அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய இரண்டும் இதே வகை. மாதவிடாய் நிற்காத பெண்களுக்குப் பெரும்பாலும் டமாக்சிஃபென் கொடுப்பார்கள். இது ஹார்மோனைக் குறைக்காது. புற்றுச் செல்லின் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு ஹார்மோனுக்கு இடம் தராது. மாதவிடாய் வருகிற பெண்களுக்கு லெட்ரோசோல் வகை மாத்திரை மட்டும் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. சினைப்பையை அடக்கிவைக்கும் ஊசியும் சேர்த்துப் போட வேண்டும். கீமோவில் நின்றுபோன மாதவிடாய் சில பெண்களுக்குத் திரும்பவும் வரும். அப்படி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்தச் சின்ன மாத்திரைக்கு அவ்வளவு பலன் உண்டா? 20 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 21,000 பெண்களின் விவரங்களைத் திரட்டி 2011-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஹார்மோன் ஏற்பி உள்ள வகையில், ஐந்து வருடம் டமாக்சிஃபென் எடுத்தவர்களில் அடுத்த 15 வருடத்தில் இந்த நோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் வகை அதைவிடவும் சற்றுக் கூடுதலாகப் பலன் தருகிறது.

மாட்டுக் கொட்டகையில் கிடைத்த துப்பு

ஹார்மோனை நிறுத்தினால் புற்றுநோய் அடங்கும் என்ற யோசனைக்குக் கறவை மாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், ஆட்டுக்குட்டிகள் பால் மறப்பதையும் மடியில் பால் சுரப்பதையும் பற்றி இளம் வயதிலேயே ஆராய்ந்தவர். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் வற்றாமல் கறந்துகொண்டே இருக்கும் என்று சில நாடுகளில் விவசாயிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. மடியை ஆட்டிவைப்பது அதற்குள்ளேயே இருக்கும் ஏதோ அல்ல, தள்ளி இருக்கும் சினைப்பை என்று அதிலிருந்து அவர் பிடித்துக்கொண்டார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

1895-ல், மார்பகப் புற்று முற்றிப்போன 33 வயதுப் பெண்ணுக்கு அவர் சினைப்பைகளை எடுத்தார். சில மாதங்களில் கட்டிகள் கரைந்தன. 1896-ல் அதை மருத்துவ இதழில் எழுதினார். விவசாயிகளின் அனுபவத்திலிருந்து யோசனை கிடைத்ததை மறைக்காமல் அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிட்டார்.

டமாக்சிஃபென் வந்த கதை வேறு. 1962-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் அதைத் தயாரித்தார். கருத்தடை மாத்திரை தேடும் முயற்சியில் கிடைத்த மருந்து அது. பெண்களிடம் கருத்தடைக்கு அது உதவவில்லை. 1971-ல் மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை மேரி கோல் என்ற மருத்துவர் வெளியிட்டார். அதன் பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. அன்று சினைப்பையை வெட்டி எடுத்துச் செய்த வேலையை இன்று ஒரு மாத்திரை செய்கிறது. மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் டமாக்சிஃபென், லெட்ரோசோல் இரண்டுமே இருக்கின்றன.

காலையில் மடங்காத விரல்

மடையை அடைத்தால் கோரைக்கு மட்டுமா தண்ணீர் நிற்கும்? ஈஸ்ட்ரோஜனை நம்பி எலும்பு இருக்கிறது, மூட்டு இருக்கிறது, தோல் இருக்கிறது, தூக்கம் இருக்கிறது.

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது மாதம் அவருக்கு விரல் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் கை மூடாது. ஐந்தரைக்குப் பால் கறந்தாக வேண்டும். சொசைட்டி வண்டி நிற்காது. வலது கை நடுவிரல் மடங்கினால் நிமிராது. நிமிர்த்தினால் 'டக்'கென்று சொடுக்கும். முட்டி, குதிகால், இடுப்பு என்று வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. லெட்ரோசோல் வகை மாத்திரை எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி மூட்டுவலியோ இறுக்கமோ வருகிறது.

அடுத்தது அனல். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருப்பார். திடீரென்று நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் சூடு ஏறும். ஜாக்கெட் நனைந்துவிடும். இரண்டு, மூன்று நிமிடத்தில் அடங்கி, உடம்பு சில்லென்று ஆகிவிடும். மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி, ஹார்மோன் குறைந்ததும் சின்ன மாற்றத்துக்கெல்லாம் பதறிப்போய் வியர்க்க வைக்கிறது. ராத்திரி இரண்டு, மூன்று முறை இப்படி வந்தால் தூக்கம் போச்சு. தூக்கம் போனால் மறுநாள் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம்.

மூன்றாவதை அவர் ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல். கணவரோடு சேர்வது வேதனை ஆகிவிட்டது. மார்பு போனதால் மனசு விட்டுப்போச்சு என்று கணவர் நினைத்துக்கொண்டார். மாத்திரையால் வருவது என்று இவருக்கே தெரியாது. வீட்டுக்குள் பேச்சு குறைந்தது.

வலியைச் சொன்னபோது கிடைத்த பதில்கள்தான் அவர் வாயை அடைத்தன. 'வயசானா மூட்டு வலிக்கத்தான் செய்யும்', 'உயிர் பொழைச்சதே பெருசு', 'மாட்டை வித்துட்டு சும்மா உக்காரு'. மூன்றும் அன்பாகச் சொன்னவைதான். எதிலும் வழி இல்லை. மாட்டை விற்றால் வாரம் கையில் வரும் பால் காசு நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் செலவே அந்தக் காசில்தான்.

"நிறுத்திடப் போறேன் சார்"

இரண்டாவது மல்லாட்டைப் பட்டத்தில் செடி பிடுங்க முடியவில்லை. ஆள் விட்டுப் பிடுங்கி, காய் ஆயக் கூலி கொடுத்ததில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு, கை சரியானால் மாட்டையும் நிலத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டார். நிறுத்துவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்துக் கணக்கைப் பார்த்து 2010-ல் வெளியான ஆய்வில், நாலரை வருடம் முழுக்க ஒழுங்காக மாத்திரை எடுத்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். மருந்துக் காப்பீடும் வசதியும் உள்ள இடத்திலேயே நிலைமை அது. பலர் டாக்டரிடம் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள், 'மாத்திரை சாப்பிடுறீங்களா?' என்று கேட்டால் தலையாட்டுகிறார்கள். தலையாட்டினால் டாக்டருக்கு எதுவும் தெரியாது. தெரியாத கஷ்டத்துக்கு அவர் என்ன வைத்தியம் செய்வார்?

"நிறுத்திடப் போறேன் சார். கை இல்லாம நான் எப்படிப் பொழைக்கிறது?" என்று இவர் சொன்னதும் டாக்டர் திட்டவில்லை. "எந்த விரல்மா? காலையில எவ்வளவு நேரம்? மாடு எத்தனை கறக்குறீங்க?" என்று கேட்டார். ரத்தத்தில் வைட்டமின் டி பார்க்கச் சொன்னார். மிகவும் குறைவாக இருந்தது. மூன்று வாரம் மாத்திரையை அவரே நிறுத்தச் சொன்னார். வலி இறங்கியது. மாத்திரையால்தான் வலி என்று உறுதியானதும் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றினார். ஒரே வகை என்றாலும் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டு. அதுவும் ஒத்துவராவிட்டால் டமாக்சிஃபெனுக்கு மாறவும் வழி இருக்கிறது.

இவருக்கு இரண்டாவது மாத்திரை பரவாயில்லை. வலி முழுதாகப் போகவில்லை. "பத்துக்கு எட்டு இருந்தது, இப்ப நாலு. நாலோட வேலை செய்யலாம்" என்கிறார்.

பெண் நர்ஸ் ஒருவர் தனியாகக் கேட்டபோதுதான் வறட்சி பற்றியும் சொன்னார். மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர் சார்ந்த ஜெல்லைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஹார்மோன் கலந்த கிரீமை மட்டும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அடுத்த முறை கணவரையும் உள்ளே கூப்பிட்டு, இது மாத்திரையின் வேலை என்று விளக்கினார்கள். "அன்னிக்குத் திரும்பி வர்ற பஸ்ல அவரு ரொம்ப நாள் கழிச்சு நல்லாப் பேசினாரு" என்று மட்டும் சொல்கிறார்.

வேலை செய்கிற உடம்புக்கும் நடை வேண்டும்

வலிக்கு நடக்கச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்கக் கழனியில் நிற்பவருக்கு என்ன உடற்பயிற்சி? ஆனால், குனிந்து களை எடுப்பதும் உட்கார்ந்து காய் ஆய்வதும் அதே மூட்டுகளைத்தான் திரும்பத் திரும்ப வருத்துகின்றன. அமெரிக்காவில் இவ்வகை மாத்திரையால் மூட்டுவலி வந்த 121 பெண்களை வைத்து நடத்தி 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் ஒரு வருடம் செய்தவர்களுக்கு வலி ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்தது.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். உலகமே வந்து நடக்கிற பாதை வீட்டு வாசலில் இருந்தும், பௌர்ணமி தவிர மற்ற நாளில் அவர் அதில் நடந்ததில்லை. இப்போது வாரம் ஐந்து நாள் பால் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் நடக்கிறார். வாயு லிங்கம் பக்கம் போய்த் திரும்புவதுதான் கணக்கு. செருப்பு போட்டுத்தான் நடக்கிறார். குதிகால் வலி உள்ளவர் வெறுங்காலில் நடக்க வேண்டாம் என்பது டாக்டர் சொன்னது. சாமி கோபித்துக்கொள்ளாது என்பது இவர் சேர்த்தது.

கழனியில் மாற்றியவை

பால் கறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வெந்நீரில் கையை வைத்துத் திறந்து மூடுகிறார். கட்டைவிரலை மடக்கிக் கறப்பதை விட்டுவிட்டார். உள்ளங்கை முழுவதும் காம்பைப் பிடித்துக் கறக்கும் முழுக்கை முறைதான் மாட்டின் காம்புக்கும் நல்லது என்று கால்நடை டாக்டர்கள் ரொம்ப நாளாகச் சொல்வது. அது தன் கட்டைவிரலுக்கும் நல்லது என்று இப்போது தெரிந்துகொண்டார். விரல் சொடுக்குகிற நாளில் மருமகள் கறக்கிறார். "அத்தை, சொன்னாத்தான தெரியும்?" என்று மருமகள் கேட்டது அவருக்குச் சுருக்கென்று இருந்ததாம்.

மல்லாட்டையை விடவில்லை. விதைக்காகக் கையால் காய் உடைப்பதுதான் அவர் வழக்கம். மெஷினில் உடைத்தால் பருப்பு அடிபட்டு முளைப்புக் குறையும். இப்போது அந்த வேலையை அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேரோடு மாற்றாளாகச் செய்கிறார். அவர்கள் இவருக்கு உடைத்துக் கொடுக்க, இவர் அவர்களுடைய மாட்டைப் பார்த்துக்கொள்கிறார். செடி பிடுங்க டிராக்டரில் பூட்டும் கருவியை வாடகைக்கு எடுக்கிறார். பிடுங்கும் முன்னால் லேசாகத் தண்ணீர் கட்டி மண்ணை இளக்கிவிடுகிறார்.

களை எடுப்பது காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. அதற்கு மேல் அனல் அதிகம் வருகிறது. பருத்திச் சேலை, கையில் ஈரத் துண்டு, பானையில் மோர். டீ இரண்டு வேளையோடு சரி. அப்படியும் அனலும் தூக்கமின்மையும் தாங்காதவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை டாக்டர்தான் தர வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் அனலையும் குறைக்கும். ஆனால் ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்றவை டமாக்சிஃபெனின் பலனைக் குறைத்துவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் 'நான் இந்த மாத்திரை சாப்பிடுறேன்' என்று சீட்டைக் காட்டுவது அவசியம்.

இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் அந்தக் கை வீங்கும் அபாயம் இருக்கிறது. அது மாத்திரையால் வருவதல்ல. ஆனாலும் புல் அறுக்கும்போது இடது கைக்கு உறை போடுகிறார். முள் குத்தினாலும் உடனே கழுவி மருந்து போடுகிறார்.

எலும்புக் கணக்கு

மூட்டுவலி உணர்த்தும், எலும்பு தேய்வது உணர்த்தாது. வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பிறகுதான் தெரியும். லெட்ரோசோல் வகை மாத்திரை எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். அதனால் ஆரம்பத்திலும், பிறகு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். தேய்மானம் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோலிட்ரானிக் ஆசிட் என்ற ஊசி போடுவது வழக்கம். ஊசிக்கு முன் சொத்தைப் பல் இருந்தால் பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக் கூடும்.

இந்த வயதுக்குத் தினமும் 1,000 முதல் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. மூலையில் விளையும் கேழ்வரகு முன்பு விற்பனைக்குப் போனது. இப்போது வீட்டுக் களிக்கும் கூழுக்கும்தான். பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிடாமல் ஒரு டம்ளர் தனக்கு எடுத்து வைக்கிறார். "நாலு வருஷம் முன்னாடி இதுக்கு என் மனசு வந்திருக்காது" என்கிறார்.

வேர்க்கடலை, எள், சோயா எல்லாம் சாப்பாடாகச் சாப்பிடலாம். ஆனால், 'பெண்களுக்கான சூரணம்' என்று அனலுக்கும் வறட்சிக்கும் விற்கிற பொடிகளில் கவனம் தேவை. தண்ணீர்விட்டான் கிழங்கு போன்ற சில மூலிகைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் போன்ற குணம் இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஒரு பக்கம் மடையை அடைத்துவிட்டு மறுபக்கம் வாய்க்கால் வெட்டுவது எதற்கு? நாட்டு மருந்து எதுவானாலும் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடலாம்.

டாக்டரிடம் கேட்டு வர வேண்டியவை

அவர் இப்போது ஒரு பழைய பால் அட்டையின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போகிறார். அந்தப் பட்டியல் மற்றவர்களுக்கும் உதவும்:

1. எனக்குத் தந்திருப்பது எந்த வகை மாத்திரை? எத்தனை வருடம்? அதற்கு மேலும் நீட்டிக்க வேண்டி வருமா?
2. வலி தாங்கவில்லை. வேறு மாத்திரைக்கு மாற்றலாமா?
3. எலும்பு ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும்? வைட்டமின் டி பார்த்தாச்சா?
4. சர்க்கரை, பிரஷர், மனச்சோர்வு மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா?
5. ஒரு நாள் மறந்துவிட்டால் என்ன செய்வது?
6. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது எது வரும்? மாத்திரை இலவசமாக எங்கே கிடைக்கும்?

காத்திருக்காமல் உடனே போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. டமாக்சிஃபென் எடுப்பவருக்கு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தால் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுதசை வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தம் கட்டியிருக்கலாம். எந்த மாத்திரை எடுப்பவராக இருந்தாலும் புதுக் கட்டி, நாள்பட்ட இருமல், விடாத முதுகுவலி ஆகியவற்றை மாத்திரை மேல் பழி போட்டு விட்டுவிடக் கூடாது. டமாக்சிஃபென் எடுக்கும் இளம்பெண்கள் கருத்தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் தொடர் சிகிச்சைக்கு வேலூர் சி.எம்.சி., காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், சென்னை அடையாறு என்று போய்வருகிறார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, வந்துவிட்டால் பிழைக்க முடியாது என்பதே ஊர்ப் பேச்சு. இன்று பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதனால்தான் பிழைத்த பிறகு எப்படி வாழ்வது என்ற கேள்வியும் வந்திருக்கிறது.

அவருக்கு இன்னும் தீராதவை இருக்கின்றன. வலது முட்டி மழைக்காலத்தில் படுத்துகிறது. வாரத்தில் இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. மாட்டை விற்கவில்லை. மல்லாட்டை இந்த வருடமும் போட்டிருக்கிறார். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கரண்ட் வைத்து முடித்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து இவர் சொன்னது இதுதான்: "மாத்திரையை வுட்டுடாதம்மா. வலிச்சா பொறுத்துக்கவும் பொறுத்துக்காத. டாக்டர் கிட்ட சொல்லு. சொல்ல வெக்கமா இருந்தா என்னைக் கூட்டிக்கினு போ, நான் சொல்றேன்."